மே மாதத்துக்கு முன்பே பிறந்த வளர்ச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியா - ஐக்கிய அரபு அமீரக வரிச்சலுகை வணிக ஒப்பந்தம் பற்றிய உங்கள் கட்டுரையில், ஒப்பந்தத்தால் இருநாட்டு வணிகம் இருமடங்கானது என்று ஒரு வரி வந்திருக்கிறது. கொட்டை எழுத்தில் வேறு. பக்கத்தில் போட்ட எண்களில் பிழையில்லை: 2020-21இல் 43.3 பில்லியன் டாலர், 2023-24இல் 83.7. ஆனால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2022 மே 1. அதற்கு முன்பே முடிந்துபோன 2021-22 நிதியாண்டில் வணிகம் ஏறத்தாழ 73 பில்லியனாகிவிட்டது. கூடிய 40 பில்லியனில் 30 பில்லியன் அந்த ஓராண்டில் வந்தது. பிறக்காத பிள்ளை சம்பாதித்துப் போட்டதாகச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்; பத்திரிகையில் எழுதினால் தலைப்பாகிவிடுகிறது.

2020-21 எப்படிப்பட்ட ஆண்டு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கொரோனா. அந்த ஏப்ரலில் பிரெண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்குக் கீழே போனது. 2022இல் உக்ரைன் போருக்குப் பின் 100 டாலரைத் தாண்டியது. அமீரகத்திடம் நாம் வாங்குவது அதே பீப்பாய்தான், விலை ஏறியதும் 'வணிக வளர்ச்சி' ஆகிவிட்டது. இதில் ஒப்பந்தத்துக்கு என்ன வேலை? கச்சா எண்ணெய்க்கு நம் அடிப்படைச் சுங்க வரியே டன்னுக்கு 1 ரூபாய்தான்.

ஏற்றுமதிப் பக்கமும் பார்க்கலாம். அமீரகத்தில் பெரும்பாலான சரக்குக்கு வரி 5%. திருப்பூர் பனியனுக்கும் அதுதான். அது முழுதாக நீங்கி, நீங்கியது முழுக்க விலையிலும் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வணிகத்தின் நெகிழ்ச்சி 5, அதாவது விலை 1% குறைந்தால் வணிகம் ஏறத்தாழ 5% கூடும் என்று தாராளமாகவே எடுத்தாலும், 1.05ஐ ஐந்து முறை பெருக்கினால் 1.276. கால் பங்குக்குச் சற்று மேலே. அதுவும் சரக்கு இந்தியாவில் உருவானதுதான் என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழை ஏற்றுமதியாளர் வாங்கினால்தான். சிறு பார்சலுக்கு அந்த அலைச்சலைவிட 5% கட்டுவதே மேல் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இருமடங்கு எங்கிருந்து வரும்?

உங்கள் பக்கத்தில் இது முதல் முறையல்ல. முன்பொரு கட்டுரையில், நாடுகளின் பொருளாதார அளவையும் இடையிலுள்ள தூரத்தையும் வைத்து வணிகத்தைக் கணிக்கும் கிராவிட்டி மாடலில், ஒப்பந்தத்தின் விளைவைக் காட்டும் எண்ணான கெழு 0.7 என்பதை '70% உயர்வு' என்று போட்டீர்கள். லாக்கில் (மடக்கையில்) வரும் கெழுவை அப்படியே சதவீதமாகப் படிக்கக் கூடாது, e-இன் (ஏறத்தாழ 2.718) 0.7ஆம் அடுக்கை எடுத்து 1ஐக் கழிக்க வேண்டும். 101% வரும். திருத்தம் இன்றுவரை வரவில்லை. அப்போது குறைத்துச் சொன்னதற்கு இப்போது ஈடுகட்டுகிறீர்கள் போலும்.

பொருளாதார அளவும் தூரமும் ஒன்றாக இருந்தால், கனடா மாகாணங்கள் அமெரிக்க மாநிலங்களோடு செய்வதைப்போல் 22 மடங்கு வணிகத்தைத் தங்களுக்குள் செய்கின்றன என்ற பொருளாதார அறிஞர் மெக்கல்லமின் 1995ஆம் ஆண்டுக் கணக்கையும் விடாமல் மேற்கோள் காட்டுகிறீர்கள். 2003இலேயே ஆண்டர்சன், வான் வின்கூப் என்ற பொருளாதார அறிஞர்கள் அதைத் திருத்திவிட்டார்கள். இரு நாடுகளுக்கு இடையிலான தடையை மட்டும் பார்த்தால் போதாது, ஒவ்வொரு நாடும் மற்ற எல்லா நாடுகளோடும் வணிகம் செய்ய எதிர்கொள்ளும் தடையையும் சேர்க்க வேண்டும் என்றார்கள். சேர்த்ததும், எல்லையால் அமெரிக்க - கனடா வணிகம் குறைவது 44% என்று வந்தது.

மற்ற எல்லா நாடுகளோடும் உள்ள அந்தத் தடையை அளக்கத் தனி எண் எதுவும் தேட வேண்டியதில்லை. ஏற்றுமதி நாடு-ஆண்டு, இறக்குமதி நாடு-ஆண்டு, நாட்டு ஜோடி என மூன்று வகை டம்மிகள் (ஒரு வகைக்குள் வந்தால் 1, வராவிட்டால் 0 எனப் போடும் மாறிகள்) வைத்தால் போதும். விலைவாசி, நாணய மதிப்பு, கொரோனா எல்லாம் முதல் இரண்டில் அடங்கும். தூரமும் பழைய உறவும் மூன்றாவதில் அடங்கும். மிஞ்சுவதுதான் ஒப்பந்தத்தின் பங்கு. வணிகமே நடக்காத ஜோடிகள் இருக்குமே, பூஜ்யத்துக்கு லாக் இல்லையே என்று எல்லாவற்றோடும் 1 கூட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டாலரில் கூட்டினால் ஒரு விடை, ஆயிரம் டாலரில் கூட்டினால் வேறு விடை! பொருளாதார அறிஞர்கள் சான்டோஸ் சில்வாவும் டென்ரைரோவும் 2006இல் காட்டிய பாய்சான் என்ற புள்ளியியல் முறையில் லாக் எடுக்காமலே மதிப்பிடலாம், பூஜ்யங்களும் கணக்கிலேயே இருக்கும். உள்நாட்டு விற்பனையையும் தரவில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளூர்ச் சந்தையிலிருந்து வெளிநாட்டுக்குத் திரும்பிய சரக்கு கண்ணில் படாது.

இத்தனையும் செய்தாலும் சரக்கின் பெயரைப் பார்க்காமல் கூட்டினால் ஏமாறுவோம். சுங்க அட்டவணையில் தங்கம், பிளாட்டினம் போன்றவற்றுக்கான 71ஆம் அத்தியாயக் குறிப்புப்படி, எடையில் 2% பிளாட்டினம் இருந்தாலே அது பிளாட்டினக் கலவை. அப்போது தங்கத்துக்கு வரி அதிகமாக இருந்தது, பிளாட்டினக் கலவைக்கோ ஒப்பந்தச் சலுகை இருந்தது. விளைவு, 2% வரம்பைத் தாண்டுமளவு பிளாட்டினம் கலந்த தங்கம் பிளாட்டினமாக வந்து இறங்கியது. பிறகு 99%க்குக் குறையாத தூய பிளாட்டினத்துக்கென்று தனிக் குறியீடு உண்டாக்கி ஓட்டையை அடைத்தார்கள். உங்கள் வளர்ச்சிப் படத்தில் அந்தத் தங்கமும் மின்னுகிறது.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. அந்தத் துணிச்சல் எனக்கில்லை. இணையப் பதிப்பில் உள்ள வரைபடத்தில் 2022 மே 1 இருக்கும் இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு மட்டும் போட்டுவிடுங்கள். 2021-22 புள்ளியையும் சேர்த்துவிடுங்கள். அது ஏன் விடுபட்டது என்று கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பொருளாதாரப் பக்கத்தின் நெடுநாள் வாசகர்