ஜக்கரபாகுவாவில் காட்டிய பலகை: கார்லோஸ் ராய்ட்டமனுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய கார்லோஸ் ராய்ட்டமன் அவர்களுக்கு,

வணக்கம். 2021 ஜூலையில் நீங்கள் மறைந்துவிட்டீர்கள் என்பது தெரிந்தேதான் இக்கடிதத்தை எழுதுகிறேன். 1981-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் பட்டத்தை நீங்கள் பிரபாம் அணியின் நெல்சன் பிக்கேயிடம் ஒரே ஒரு புள்ளியில் இழந்ததைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பிரேசிலில் அணியின் உத்தரவை மீறி அணித்தோழர் ஆலன் ஜோன்ஸைப் பகைத்துக்கொண்டதற்குக் கிடைத்த தண்டனை அது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஆண்டின் பந்தய முடிவுகளை வரிசையாக எடுத்து வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது, அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அதை உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

1980-இல் நீங்கள் வில்லியம்ஸ் அணியில் சேர்ந்தபோது ஒப்புக்கொண்ட நிபந்தனை அனைவரும் அறிந்தது. அணியின் இரண்டு கார்களும் முன்னணியில் ஓடி, இடைவெளி ஏழு வினாடிக்குள் இருந்தால், ஜோன்ஸுக்கு வழிவிட வேண்டும். 1978 முதல் அந்த அணியோடு சேர்ந்து வளர்ந்தவர் அவர். நீங்களோ பிரபாம், ஃபெராரி, லோட்டஸ் என்று பெரிய அணிகளைப் பார்த்துவிட்டு வந்தவர். அந்த ஆண்டு ஜோன்ஸ் 67 புள்ளிகளுடன் உலக சாம்பியன் ஆனார், நீங்கள் 42 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பெற்றீர்கள். எனவே 1980-ஐப் பொறுத்தவரை அந்த நிபந்தனையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் புதிய சீசன் தொடங்கி இருவரும் பூஜ்யத்திலிருந்து புறப்பட்ட பிறகும் அதே ஒப்பந்தம் அப்படியே தொடர்ந்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. லாங் பீச்சில் நடந்த முதல் பந்தயத்தில் முன்னணியில் இருந்த நீங்கள், மார்க் சூரரை ஒரு சுற்று முந்தப் போகையில் தடம் விலகினீர்கள். அந்த இடைவெளியில் ஜோன்ஸ் முந்திச் சென்று வென்றார், நீங்கள் இரண்டாமிடம் பெற்றீர்கள். வழிவிடச் சொல்லி அணி பலகை காட்டுவதற்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, 1981 மார்ச் 29 அன்று, ரியோவின் ஜக்கரபாகுவா தடத்தில் மழை பெய்தது. முதலிடத்திலிருந்து புறப்பட்ட நெல்சன் பிக்கே உலர்ந்த தடத்துக்கான டயர்களைப் போட்டுக்கொண்டு வந்து, தம் சொந்த ஊர் மக்கள் முன்னிலையில் 12-ஆம் இடத்துக்குச் சரிந்தார். நீங்கள் தொடக்கத்திலேயே முன்னணியைப் பிடித்துக்கொண்டீர்கள். ஈரத்தில் காரை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்குப் பாடமாகக் காட்டத்தக்க ஓட்டம் அது. உங்களுக்குப் பின்னால் ஜோன்ஸ் வந்துகொண்டிருந்தார். பந்தயம் முடியும் தறுவாயில், தடத்தோரம் அணியினர் நிற்கும் பிட் சுவரின் மேல் அந்தப் பலகை எழுந்தது. மேல் வரியில் ஜோன்ஸ், கீழ் வரியில் ராய்ட்; ஜோன்ஸை முன்னே விடுங்கள் என்பதே அதன் பொருள். ஒவ்வொரு சுற்றிலும் நேர்கோட்டுப் பகுதியைக் கடக்கும்போது அந்த இரண்டு பெயர்களும் அதே வரிசையில் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். நீங்கள் வழிவிடவில்லை. இரண்டு மணி நேர வரம்பு வந்து 62 சுற்றுகளோடு பந்தயம் முடிக்கப்பட்டபோது நீங்கள்தான் முதலில் வந்தீர்கள். ஜோன்ஸ் பரிசு மேடைக்கு வரவில்லை.

இதில் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்திட்ட வாக்கை ஓடும் காரில் இருந்தபடி மீறியது சரியல்ல. இந்த ஆண்டு அந்த நிபந்தனைக்கு நான் உடன்படமாட்டேன் என்று சீசன் தொடங்குவதற்கு முன்பே அணி முதலாளி ஃபிராங்க் வில்லியம்ஸிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும். ஜோன்ஸின் கோபத்துக்கு நியாயம் இருந்தது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் அந்த மீறல்தான் உங்கள் பட்டத்தைப் பறித்தது என்பது முற்றிலும் வேறு வாதம். அதைக் கணக்கு வழியாகவே சோதித்துவிடலாம். அன்று வெற்றிக்கு 9 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 6. நீங்கள் பலகைக்குக் கீழ்ப்படிந்திருந்தால் ஆண்டு இறுதியில் உங்களுக்கு 49-க்குப் பதில் 46, ஜோன்ஸுக்கு 46-க்குப் பதில் 49. பிக்கேயின் 50 அப்படியே நின்றிருக்கும். அதாவது நீங்கள் பணிந்திருந்தாலும் சாம்பியன் பிக்கேதான். உங்கள் இருவரின் இடங்கள் மட்டும் மாறியிருக்கும், அவ்வளவே.

ஒரு புள்ளி எங்கே தொலைந்தது என்று தேடினால் அது சீசனுக்கு முன்பே தொலைந்திருக்கிறது. பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவின் கியாலமியில் நீங்கள் வென்றீர்கள், பிக்கே இரண்டாவதாக வந்தார். விளையாட்டின் நிர்வாக அமைப்பும் அணிகளின் சங்கமும் மோதிக்கொண்டிருந்ததால் அந்தப் பந்தயம் சாம்பியன்ஷிப் கணக்கில் சேர்க்கப்படவில்லை. சேர்த்திருந்தால் 58-க்கு 56 என்று நீங்கள் வென்றிருப்பீர்கள். ஃபெராரியும் ரெனோவும் அங்கே ஓடவில்லை என்பதால் அதை நான் வலியுறுத்தப் போவதில்லை. ஆனாலும் ரியோவின் பலகையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கியாலமியை அடியோடு மறந்துவிடுவது நேர்மையான நினைவாகாது.

பிரேசிலுக்கு இரண்டு வாரம் கழித்து ஏப்ரல் 12 அன்று உங்கள் நாடான அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் பந்தயம். அன்று உங்களுடைய 39-ஆவது பிறந்தநாள். உங்கள் மக்கள் ராய்ட் மேலே, ஜோன்ஸ் கீழே என்று பெயர்களை மாற்றி எழுதிய பலகைகளைப் பார்வையாளர் மாடங்களில் உயர்த்திக் காட்டினார்கள். பந்தயத்தைப் பிக்கே வென்றார், நீங்கள் இரண்டாவதாக வந்தீர்கள்.

அந்த மாடங்களில் இருந்தவர்கள் விளங்கிக்கொண்டதை அணி விளங்கிக்கொள்ளவே இல்லை. ஜூலையில் சில்வர்ஸ்டோன் பந்தயம் முடிந்தபோது உங்களுக்கு 43, பிக்கேக்கு 26, ஜோன்ஸுக்கு 24. பதினேழு புள்ளி முன்னிலை என்பது அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு வெற்றிகள். எஞ்சியிருந்தவை ஆறே பந்தயங்கள். ஒப்பந்தத்தைத் திருப்பி எழுத அதைவிடப் பொருத்தமான தருணம் வேறெது? ஜோன்ஸைக் கூப்பிட்டு, கடந்த ஆண்டு உனக்காக இவர் ஓடினார், இந்த ஆண்டின் எஞ்சிய நாட்களுக்கு நீ இவருக்காக ஓடு என்று சொல்லியிருக்க வேண்டியவர் ஃபிராங்க் வில்லியம்ஸ். பந்தய முடிவுகளில் அப்படிச் சொன்னதற்கான தடயம் இல்லை. ஜெர்மனியில் உங்கள் இன்ஜின் போனது. ஆஸ்திரியாவில் ஜோன்ஸ் நான்காவது, நீங்கள் ஐந்தாவது. நெதர்லாந்தில் வேறோர் அணியின் லஃபீட்டுடன் மோதிப் பந்தயத்தை இழந்தீர்கள். அதற்குள் பிக்கே 45-க்கு 45 என்று உங்களை எட்டிவிட்டார். மொன்சாவில் ஜோன்ஸ் இரண்டாவது, நீங்கள் மூன்றாவது.

ஆஸ்திரியாவில் நீங்கள் இருவரும் இடம் மாறியிருந்தால் ஆண்டு முடிவில் நீங்களும் பிக்கேயும் 50-இல் சமமாக நின்றிருப்பீர்கள். வெற்றிகளின் எண்ணிக்கையில் மூன்றுக்கு இரண்டு என்று அவர் வென்றிருப்பார். மொன்சாவில் மாறியிருந்தால் 51 எடுத்து நீங்கள் சாம்பியன் ஆகியிருப்பீர்கள். ஆனால் மொன்சாவின் கடைசிச் சுற்றில் பிக்கேயின் இன்ஜின் வெடித்த பிறகுதான் மூன்றாமிடம் உங்களுக்கு வந்தது என்பதால், அன்று யாரும் அந்தக் கணக்கை முன்கூட்டிப் போட்டிருக்க முடியாது. இந்த ஒரு இடமாற்றம் உங்களைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. மார்ச் மாதத்தில் மூன்று புள்ளிக்காக மழையில் பலகையைத் தூக்கிய ஓர் அணி, ஆகஸ்டில் ஒரு புள்ளிக்காகக்கூட அதைத் தூக்க நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

பிரபாம் அணியைப் பாருங்கள். பிக்கே 50, அவருடைய அணித்தோழர் ஹெக்டர் ரெபாக்கே 11, மொத்தம் 61. வில்லியம்ஸில் நீங்கள் 49, ஜோன்ஸ் 46; மொத்தம் 95. அணிகளுக்கான தயாரிப்பாளர் பட்டத்தை உங்கள் அணி 34 புள்ளி வித்தியாசத்தில் அள்ளிக்கொண்டது. அணி முதலாளிக்கு அந்தக் கோப்பைதான் பெரிது என்றால், இரண்டு ஓட்டுநர்களையும் மோதவிடுவதில் அவருக்கு நட்டமே இல்லை. நட்டம் முழுவதும் ஓட்டுநருக்குத்தான்.

கடைசிப் பந்தயம் நடந்த லாஸ் வேகாஸைப் பற்றி நீளமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. சீசர்ஸ் பேலஸ் ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில், கான்கிரீட் தடுப்புகளுக்கு நடுவே மடித்து மடித்துப் போட்ட தடம். ஒரு புள்ளி முன்னிலையோடு, முதலிடத்திலிருந்து நீங்கள் புறப்பட்டீர்கள், பக்கத்தில் ஜோன்ஸ். முதல் சுற்று முடிவதற்குள் அவர் முன்னணியில், நீங்கள் ஐந்தாமிடத்தில். கியர்பாக்ஸ் தொல்லை கொடுக்க, பிக்கேயும் உங்களைத் தாண்டினார். வெயிலில் துவண்டுபோய் அவர் ஐந்தாமிடத்தில் முடித்து இரண்டு புள்ளி எடுத்தார். ஒரு சுற்று பின்தங்கி நீங்கள் எட்டாவது. ஜோன்ஸ் வென்றார், வென்றுவிட்டு அணியிலிருந்தும் விலகினார். அன்று அவர் உங்களுக்குக் கடமைப்பட்டிருந்தாரா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். உங்களிடம் வாக்கு வாங்கியது போல அவரிடம் எவரும் வாக்கு வாங்கியிருக்கவில்லை.

உங்களுக்குப் பிறகும் இதே கதை திரும்பத் திரும்ப நடந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1986-இல், அதே வில்லியம்ஸ் அணியில் மான்செலும் பிக்கேயும் ஒருவர் புள்ளியை மற்றவர் எடுத்துக்கொண்டிருக்க, 72-க்கு 70, 69 என்று அலன் புரோஸ்ட் பட்டத்தைக் கொண்டுபோனார். 2007-இல் மெக்லாரனின் ஹாமில்டனும் அலோன்சோவும் ஆளுக்கு 109 எடுத்து, 110 எடுத்த ரைக்கோனெனிடம் தோற்றார்கள்.

நீங்கள் காணாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025-இல், அதே மொன்சாவில், மெக்லாரன் அணித்தோழர்களான நோரிஸ், பியாஸ்திரி இருவரில் நோரிஸின் டயர் மாற்றம் தாமதமாகிப் பியாஸ்திரி முன்னே போய்விட, இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி மெக்லாரன் அணி ரேடியோவில் பியாஸ்திரியிடம் கேட்டது. புள்ளிப் பட்டியலில் அப்போது முதலிடத்தில் இருந்தவர் பியாஸ்திரி. அவர் கொடுத்தார். நோரிஸ் இரண்டாவது, பியாஸ்திரி மூன்றாவது. மூன்று புள்ளி வித்தியாசம். ஆண்டு முடிவில் நோரிஸ் 423, ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் 421. அந்த மூன்று புள்ளி இல்லையென்றால் 420 எடுத்த நோரிஸ் தோற்று, பட்டம் வெளியாளிடம் போயிருக்கும். 410 புள்ளிகளோடு மூன்றாமிடத்தில் நின்ற பியாஸ்திரியைப் பலரும் கண்ணியமானவர் என்று பாராட்டினார்கள். நானும் பாராட்டுகிறேன். ஆனால் அவரைப் பாராட்டும் அதே வாய், உங்களைச் சுயநலக்காரர் என்று சொல்லும்போது என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை. அவரிடம் கேட்டது அன்றைய பந்தயத்தில் அணியின் பிட் தாமதத்தால் பறிபோன இடத்தை. உங்களிடம் கேட்டது தொடக்கம் முதல் மழையில் நீங்களே காப்பாற்றிவந்த வெற்றியை.

1982-இல் கியாலமியில் இரண்டாமிடம் பிடித்தீர்கள். அடுத்து பிரேசிலில் ஓடிவிட்டு, அத்தோடு ஃபார்முலா ஒன்னை விட்டு விலகினீர்கள். பின்னாளில் சாந்தா ஃபே மாகாண ஆளுநராகவும் செனட்டராகவும் உங்கள் மக்கள் உங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நீங்கள் விட்டுவந்த அந்த 1982 சீசனில் ஒரு பந்தயம் மட்டுமே வென்று, 44 புள்ளிகளோடு உலக சாம்பியன் ஆனவர் கேகே ராஸ்பெர்க். அவர் ஓட்டியது வில்லியம்ஸ் கார். ஜோன்ஸ் அப்போது அணியில் இல்லை. முந்தைய ஆண்டு அப்படி முடியாமல் இருந்திருந்தால் இன்னும் 14 பந்தயங்கள் நீங்கள் பொறுத்திருப்பீர்களா என்பதுதான் உங்களிடம் நான் கேட்க விரும்பிய ஒரே கேள்வி.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் வாசகன்