பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்: செட்டிநாட்டுப் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று இந்த வட்டாரத்தில் பள்ளி நடத்துகிற எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கால அட்டவணையில் அவளுக்கு வாரம் இரண்டு பி.டி. பீரியட் இருக்கிறது. ஒன்றைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். இன்னொன்றில் அறிவியல் ரெக்கார்டு எழுதுகிறார்கள். அரையாண்டுப் பரீட்சை நெருங்கிவிட்டால் பேச்சே வேண்டாம், இரண்டும் ரிவிஷன்தான். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே மட்டும்தான் இப்படி என்று ஆகிவிடும். அக்கம்பக்கத்து வீடுகளில் விசாரித்தால் வேறு வேறு பள்ளிப் பிள்ளைகளும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். எல்லா வகுப்புக்கும், பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டையும் சேர்த்து, தினம் ஒரு விளையாட்டுப் பீரியட். அதை எந்தப் பாடமும் கடன் வாங்கக் கூடாது.

பெரிய ஆசையாகத் தெரியலாம். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும், வாரத்தில் 3 நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வலுக் கொடுக்கிற ஓட்டமும் குதியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பிள்ளைகளுக்கு ஏது அந்த 60 நிமிடம்? வீட்டு வாசலில் வேன் ஏறுகிறார்கள், பள்ளி வாசலில் இறங்குகிறார்கள், சாயங்காலம் டியூஷன், அப்புறம் வீட்டுப்பாடம். சி.பி.எஸ்.இ. வாரியம் 2018-19 கல்வியாண்டிலேயே 9 முதல் 12 வரை உடற்கல்விக்குத் தினம் ஒரு பீரியட் ஒதுக்கச் சொல்லிவிட்டது. நடைமுறையில் எத்தனை பள்ளிகள் மதிக்கின்றன என்பது வேறு விஷயம். பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைக்கும் தினம் விளையாட்டு வேண்டும் என்று ஒரு தேர்வு வாரியமே சொல்லியிருக்கிறதே, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

மார்க் குறைந்துவிடும் என்பீர்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் இது பற்றிய 50 ஆய்வுகளை அலசியது. பள்ளியில் உடல் அசைவுக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பாக 251 முடிவுகளைப் பிரித்துப் பார்த்ததில், பாதிக்குச் சற்று மேல் நல்ல பலன். மீதியில் பெரும்பாலும் இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. கெடுதல் என்று வந்தது 1.5 சதவீதம். விளையாடினால் எல்லாரும் சென்டம் வாங்குவார்கள் என்று நான் சொல்லவில்லை. நஷ்டம் இல்லை என்கிறேன். கணக்கு வாத்தியார் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. '100 சதவீதத் தேர்ச்சி' என்று பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸ் கட்டுவதற்காக அவரை நெருக்குவது நிர்வாகம்தானே.

பி.டி. வாத்தியார் பாடு இன்னும் மோசம். காலை பிரேயருக்கு விசில் ஊதுகிறார், தாமதமாக வருபவர்களை வாசலில் நிறுத்துகிறார், முடி வெட்டாதவனைப் பிடிக்கிறார், சாயங்காலம் வேன் ஏற்றி விடுகிறார். வகுப்பு ஒன்றைத்தான் எடுப்பதில்லை. விளையாட்டு அறையைத் திறந்து பார்த்தால் காற்று இறங்கிய வாலிபால் நாலு கிடக்கும். பம்பு இருக்கும், காற்றடிக்கிற ஊசி இருக்காது. வலைக்கு மேல் ஆண்டுவிழாத் தட்டிகளை அடுக்கியிருப்பார்கள்.

தப்பித் தவறி ஒருநாள் பீரியட் நடந்தாலும் பையன்கள் கிரிக்கெட் ஆட, பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். துப்பட்டாவை மடித்துப் பின் குத்தி, அதற்கு மேல் கோட்டும் மாட்டிக்கொண்டு எறிபந்து ஆடு என்றால் எப்படி ஆடுவாள்? தினம் விளையாட்டு என்றால் ஆடுவதற்கேற்ற சீருடையும், ஆடிவிட்டு முகம் கழுவத் தண்ணீரும் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் வேண்டும். பெண்களுக்கென்று தனி ஆட்டம், தனிக் களம் வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பள்ளி வேடிக்கை பார்க்கவே பீரியட் ஒதுக்கியதாகும்.

இடம் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊருக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தார் வள்ளல் அழகப்பர். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அப்படிக் கொடுத்த ஊரில் இருந்த திடல்கள் ஒவ்வொன்றாகப் புது பிளாக், பஸ் நிறுத்தம் என்று போய்க்கொண்டிருக்கின்றன. கபடிக் களம் பெரியவர்களுக்கே 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்தான். பள்ளி பஸ் நாலைந்து நிற்கிற இடம். மிச்சமிருக்கிற பொட்டலில் கருவேல முள்ளை வெட்டி எடுத்தாலே மூன்று வகுப்பு ஒரே நேரத்தில் ஆடலாம். ஒன்று கபடி, ஒன்று கோ-கோ, ஒன்று கயிறு தாண்டுதல்.

வெயில் உண்மையான பிரச்சினைதான். மதியம் இரண்டு மணிக்கு நம் செம்மண் தரையில் யாரையும் ஓடவிட வேண்டாம். காலை முதல் இரண்டு பீரியடும் மாலை கடைசி இரண்டும் திடலுக்கு என்று வைத்து, வகுப்புகளைச் சேர்த்துச் சேர்த்து அனுப்புங்கள். ஐப்பசி மழையில் பழைய பள்ளிக்கூடங்களின் நீள வராந்தா இருக்கவே இருக்கிறது.

ஆள் பற்றாக்குறைக்கும் வழி உண்டு. 2012-இல் உடற்கல்வி, ஓவியம், தையல் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் அரசு எடுத்தது. நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடியதை எல்லாரும் பார்த்தோம். அது அரசிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்களுக்கோ காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே பி.பி.எட். என்கிற உடற்கல்விப் பட்டம் படிக்கிறவர்களுக்குப் பள்ளிகளில் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டியது பாடத்திட்டத்திலேயே உண்டு. ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். ஆனால் அவர்களையும் வேன் ஏற்றி விடுகிற வேலையில் போட்டுவிடாதீர்கள்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அடுத்த ஆண்டு அட்டவணையைப் போடுவீர்கள். அதில் தினம் ஒரு பீரியட் இருக்குமா என்று வருகிற பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். "விளையாடவா ஃபீஸ் கட்டுகிறோம்?" என்று எழுந்து கேட்கிற பெற்றோர் நிச்சயம் இருப்பார்கள். அவர்களோடு பேசிக்கொள்வது என் பொறுப்பு.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு பெற்றோர்