பழம் ஆறட்டும், பாப்பா

பாப்பா,

நீ ராத்திரி அனுப்பிய போட்டோவைக் காலையில்தான் பார்த்தேன். மாவுக்குள் ஆப்பிளை வைத்து மடித்து ஏர் ஃபிரையரில் சுட்ட ஆறு பேஸ்ட்ரி, ஆறிலும் ஓரம் பிளந்து ஆப்பிள் வெளியே வழிந்திருக்கிறது, மேல்பக்கம் கறுத்துப் போயிருக்கிறது, ஒன்றைத் திருப்பி வைத்து எடுத்திருக்கிறாயே, அதில் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று பச்சை மாவாகவே இருக்கிறது. கீழே "இனிமே செய்யவே மாட்டேன்" என்று ஒரு வரி. உடனே போனை எடுத்தேன், ஆனால் வேலை நேரத்தில் நீ பாதியைக் கேட்பாய், பாதியை விட்டுவிடுவாய். அதனால் எழுதியே அனுப்புகிறேன், சாவகாசமாகப் படி.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகாகத்தான் மடித்திருக்கிறாய், முள்கரண்டி அழுத்திய தடம்கூட ஒரே சீராக இருக்கிறது. பழத்தை ஆறவிட்டாயா என்று அம்மாவிடம் கேட்டேன். "எங்க ஆறவிட்டா, அடுப்புலேர்ந்து இறக்கி நேரா வெச்சேன்னு சொன்னா" என்றாள். ஓரம் பிளந்ததற்குக் காரணம் அதுதான்.

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவு. கொதிக்கிற பழத்தை மாவு மேல் வைத்ததும் அடியில் இருக்கிற வெண்ணெய் உருகி மாவில் ஊறிப்போகும், மாவு தொளதொளத்துவிடும், ஓரத்தில் நீ போட்ட ஒட்டு வழுக்கிக்கொண்டு விட்டுவிடும். அப்புறம் மெஷினுக்குள் போனதும் பழத்தில் இருக்கிற தண்ணீர் ஆவியாகி இடம் தேடும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் வேண்டும் அதற்கு. எது பலவீனமான இடமோ அதைப் பிளந்துகொண்டு வரும், வேறென்ன செய்யும்?

சரி, முதலிலிருந்து சொல்கிறேன். பழத்திலிருந்தே ஆரம்பி, மாவை அப்புறம் பார்க்கலாம். பழம் ஆறுவதற்குத்தான் அதிக நேரம் வேண்டும்.

நடுத்தர அளவில் 2 ஆப்பிள். தோல் சீவி, சுண்டு விரல் நகம் அளவுக்குப் பொடியாக நறுக்கு. பெரிய துண்டாகப் போட்டால் மடிக்கும்போது முனை மாவைக் குத்திக் கிழிக்கும். நறுக்கியதும் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பிசறிவிடு, கறுக்காது, இனிப்பும் திகட்டாது. 3 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பட்டைத்தூள். மிதமான தீயில் வைத்தால் முதலில் பழம் நிறையத் தண்ணீர் விடும். பயப்படாதே, தட்டு போட்டும் மூடாதே. அந்தத் தண்ணீர் அடுப்பிலேயே போகட்டும், அங்கே போகாதது பேஸ்ட்ரிக்குள் போய்த் தொல்லை கொடுக்கும். பாதி வற்றியதும் 2 டீஸ்பூன் சோள மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்று. சூட்டில் நேராகப் போட்டால் கட்டி தட்டிவிடும். ஊற்றின பிறகு ஒரு கொதி வரவேண்டும், அப்போதுதான் சோள மாவு முழுசாக வெந்து கெட்டிப்படும், இல்லாவிட்டால் நாக்கில் மாவு ருசி நிற்கும்.

பதம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழு. கோடு இழுத்த இடத்தில் வாணலியின் அடி தெரியவேண்டும், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் பாகு ஓடி வந்து மூடக்கூடாது. இழுத்தவுடனே மூடிக்கொண்டால் இன்னும் 2 நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். இந்த ஒரு பதத்தைப் பிடித்துக்கொண்டாயானால் எந்தப் பழத்தை வைத்தும் செய்யலாம், அளவுகூடப் பார்க்க வேண்டாம்.

அப்புறம் ஒரு அகலமான தட்டில் கொட்டிப் பரப்பிவிடு. வாணலியிலேயே விட்டால் ஒரு மணி நேரம் ஆனாலும் நடுவில் சூடு இருக்கும், தட்டில் 20 நிமிடத்தில் ஆறும், பிறகு ஃபிரிட்ஜில் வை. புறங்கையில் வைத்துப் பார்த்தால் ஜில்லென்று இருக்கவேண்டும். வெதுவெதுப்பு இருந்தால்கூடப் போதாது, பாப்பா.

பழம் ஆறுகிற நேரத்தில் மாவு. 250 கிராம் மைதா, அதில் பாதி, அதாவது 125 கிராம் உப்பில்லாத வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு. வெண்ணெயைச் சின்னச் சின்ன சதுரமாக வெட்டித் திரும்பவும் ஃபிரிட்ஜில் வைத்துக் கெட்டியாக எடுத்துக்கொள். மாவில் போட்டு விரல் நுனியால் மட்டும் நசுக்கி நசுக்கித் தேய். உள்ளங்கை படக்கூடாது, அதன் சூட்டில் வெண்ணெய் இளகிவிடும். கொஞ்ச நேரத்தில் மாவு மணல் மாதிரி ஆகும், அங்கங்கே பட்டாணி அளவுக்கு வெண்ணெய்த் துண்டு கிடக்கும். அங்கேயே நிறுத்திவிடு. எனக்கு அந்த இடத்தில் நிறுத்தப் பழகவே ரொம்ப நாள் ஆனது, கை தானாக இன்னும் தேய்த்துச் சீராக்கப் பார்க்கும். ஆனால் அந்தத் துண்டுகள்தான் நமக்கு வேண்டும். வெண்ணெயில் நூற்றுக்கு 16 பங்கு போலத் தண்ணீர் இருக்கிறது. சூட்டில் வெண்ணெய் உருகி, அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவைத் தூக்கிவிட, துண்டு இருந்த இடம் மெல்லிய இடைவெளியாக நிற்கும். கடிக்கும்போது ஏடு ஏடாக உதிர்கிறதே, அது இப்படி வருவதுதான். உன் பேஸ்ட்ரியின் ஓரத்தைப் பிளந்த ஆவியும் இதுவும் ஒன்றுதான், இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால் நல்லது செய்கிறது.

ஐஸ் தண்ணீர் 4 மேசைக்கரண்டியில் ஆரம்பித்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற வரை சொட்டுச் சொட்டாகச் சேர். பிசையாதே, சும்மா சேர்த்து அழுத்து. அடித்துப் பிசைந்தால் மைதாவில் இழுவை ஏறி, வெந்த பிறகு தோல் மாதிரி இருக்கும். தட்டையாக்கி மூடி 30 நிமிடம் ஃபிரிட்ஜில் வை. மாவுக்குள் தண்ணீர் ஊறவும், இழுவை தளரவும், வெண்ணெய் மறுபடி இறுகவும் அந்த அரை மணி வேண்டும். நீ 5 நிமிடம்தான் வைத்தேன் என்றாய். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து பசியோடு அடுப்படியில் நிற்கிறவளிடம் அரை மணி நேரம் காத்திரு என்று சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வழி சொல்கிறேன்.

பூரிக்கட்டையால் 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய். ஒரு பக்கம் மெலிந்து ஒரு பக்கம் தடித்தால் மெலிந்த இடம் கருகும். 12 சென்டிமீட்டர் வட்டமாக ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வெட்டினால் 8 முதல் 10 வரும். ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி பழம், அதற்கு மேல் ஆசைப்படாதே. ஓரத்தில் ஒரு விரல் அகலம் சுத்தமாக இருக்கட்டும், பாகு பட்ட இடம் ஒட்டாது. ஓரத்தை ஈர விரலால் தடவி, மடித்து, உள்ளே இருக்கிற காற்றை விரலால் தள்ளி வெளியேற்றிவிட்டு முள்கரண்டியால் அழுத்து. மேலே கத்தி முனையால் இரண்டு கீறல் போடு. உன் போட்டோவில் கீறலே இல்லை. ஆவிக்கு நாமாக ஒரு வழி விட்டால் அது ஓரத்தைத் தேடிப் போகாது. மடித்து முடித்ததும் இன்னொரு 10 நிமிடம் ஃபிரீசரில் வைத்துவிட்டால் ஒட்டு அசையவே அசையாது.

இப்போது மெஷின். நீ 200 டிகிரி, 20 நிமிடம் வைத்திருக்கிறாய். அது ஓவனுக்கான கணக்கு. ஏர் ஃபிரையரும் சின்ன ஓவன்தான், ஆனால் சூடேற்றும் கம்பி தலைக்கு மேலே ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது, பக்கத்திலேயே விசிறி வேகமாகச் சுற்றி அந்தச் சூட்டை மாவின் மேலே வாரி அடிக்கிறது. அதனால் மேல்பக்கம் சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே வேகிற வேலை பின்தங்கிவிடும். ஓவன் குறிப்பு எதை எடுத்தாலும் 15, 20 டிகிரி குறைத்துக்கொள், நேரத்திலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு, அதற்கு முன்னாலேயே ஒரு தடவை திறந்து பார். இந்த மாவுக்கு நான் வைப்பது 175 டிகிரி, மொத்தம் 12 நிமிடம். 8 நிமிடத்தில் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டு மீதி 4 நிமிடம். திருப்பாமல் விட்டதால்தான் உனக்கு அடி வேகவில்லை, அதோடு ஆறையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு அடுக்கியிருக்கிறாய். கூடையில் ஓட்டை இருப்பதே காற்று கீழே போய்ச் சுற்றி வரத்தான், அதை நாம் அடைத்துவிட்டால் அடிப்பக்கத்துக்குச் சூடு எங்கிருந்து வரும்? நான்கு வை, இடையில் விரல் நுழைகிற அளவு இடம் விடு, மீதியை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டாவது ஈடாகப் போடு. இரண்டாவது ஈட்டுக்கு மெஷின் நன்றாகக் காய்ந்திருக்கும், ஒரு நிமிடம் முன்னாலேயே பார்த்துவிடு.

முதல் ஈட்டுக்கு வெறும் கூடையோடு 4 நிமிடம் சூடாக்கிக்கொள். ஆனால் அந்த நேரத்தில் பட்டர் பேப்பரை உள்ளே போட்டு வைக்காதே, இதை மட்டும் மறக்கவே மறக்காதே. போன வருஷம் நான் போட்டேன், மேலே பாரம் இல்லாததால் காற்று அதைத் தூக்கிக் கம்பியில் ஒட்டவைத்து, புகை வந்து, நல்லவேளை அம்மா பக்கத்தில் இருந்தாள், பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பேப்பர் வேண்டும் என்றால் பேஸ்ட்ரியை அதன் மேல் வைத்த பிறகு இரண்டையும் சேர்த்து உள்ளே வை, ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. எனக்கு இப்போது பேப்பரே வேண்டியதில்லை, கூடையில் லேசாக எண்ணெய் தடவுகிறேன், போதும்.

மேலே பூச முட்டையை அடித்துத் தடவினால் பளபளவென்று வரும், பால் தடவினால் மங்கலாக, ஆனால் நல்ல பழுப்பாக வரும். எனக்குப் பால்தான் பிடிக்கும். சர்க்கரையைத் தூவி உள்ளே வைக்காதே, விசிறி பாதியை ஊதித் தள்ளிவிடும், வெளியே எடுத்த பிறகு தூவு.

எடுத்தவுடனே கடிக்காதே. வெளியே ஆறினது போல இருக்கும், உள்ளே பாகு கொதித்துக்கொண்டிருக்கும், நாக்கில் ஒட்டிக்கொண்டு சுடும். கம்பி வலைத் தட்டில் 15 நிமிடம் வை. மூடாத தட்டில் வைத்தால்கூட அடியில் வியர்த்து மொறுமொறுப்பு போய்விடும்.

வேறு பழம் என்றால், பேரிக்காய் ஆப்பிள் மாதிரியேதான். அன்னாசி, ஸ்ட்ராபெர்ரி இரண்டும் தண்ணீர் நிறைய விடும், சோள மாவை இன்னும் ஒரு டீஸ்பூன் கூட்டிக்கொள். வாழைப்பழத்தை வதக்காமல் மசித்து வைக்கலாம். அவசரத்துக்குக் கெட்டி ஜாம் இருக்கிறது, ஆனால் அரை ஸ்பூனுக்கு மேல் வைத்தால் கட்டாயம் வழியும்.

வழி சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். வேலைநாளில் இதைத் தொடங்காதே. லீவு நாளில் ஒரே மூச்சில் பத்தையும் மடித்து, சுடாமல், தட்டில் ஒட்டாமல் வைத்து ஃபிரீசரில் இறுக விடு. கல்லாக ஆனதும் ஒரு பையில் போட்டு மூடி வை. ஒரு மாதம் தாராளமாக இருக்கும். ராத்திரி வந்ததும் இரண்டை எடுத்து, உருக விடாமல் அப்படியே கூடையில் வைத்து 165 டிகிரியில் 16 நிமிடம், 10 நிமிடத்தில் ஒரு தடவை திருப்பிப் போடு. நீ முகம் கழுவி உடை மாற்றி வருவதற்குள் ஆகிவிடும். சுட்டது மீந்தால் மைக்ரோவேவில் வைக்காதே, சவசவத்துவிடும், இதே மெஷினில் 160 டிகிரியில் 4 நிமிடம் வைத்தால் புதிதாகச் சுட்டது போலவே இருக்கும்.

இங்கே இருக்கிற மெஷின் நீ முதல் சம்பளத்தில் எங்களுக்கு வாங்கி அனுப்பியது. அட்டைப் பெட்டியிலேயே எட்டு மாதம் கிடந்தது உனக்குத் தெரியும். நீ வீட்டை விட்டுப் போன பிறகு சாயங்காலங்களில் என்ன செய்வதென்று தெரியாமல்தான் ஒருநாள் பிரித்தேன். இப்போது வாரம் ஒரு தடவை செய்கிறேன், அம்மா ஓரத்தை முதலில் உடைத்துத் தின்றுவிட்டுத்தான் நடுவுக்கு வருவாள், நீ சின்ன வயதில் தின்ற அதே மாதிரி. அதனால்தான் உன் "செய்யவே மாட்டேன்"ஐப் படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய். சனிக்கிழமை ராத்திரியே பழத்தை வதக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் காத்திருக்கிற வேலை பாதி தூக்கத்திலேயே முடிந்துவிடும். கரண்டியால் கோடு இழுக்கும்போது வீடியோ காலில் கூப்பிடு, வாணலியைக் காட்டு, பதம் வந்துவிட்டதா என்று நான் சொல்கிறேன்.

அப்பா