குறியோடு கரைக்கு வரும் சூரை: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறைக்கும், குளச்சல், தேங்காய்ப்பட்டினம், தருவைகுளம், காசிமேடு படகு உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

கடலில் எத்தனை மீன் உண்டு என்று கணக்கிட, சூரை, கேரை என்னும் டியூனா மீன்களின் உடம்பில் எண்ணிட்ட குறி குத்தி மீண்டும் கடலில் விட எந்தத் திட்டம் வந்தாலும், முதல் குறி குத்துவதற்கு முன்பே அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு நம் துறைமுகங்களில் தயாராக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 1,000 மீன்களுக்குக் குறியிட்டு விடுகிறோம். பிறகு பிடிபடும் 20,000 மீன்களில் 100 குறி கிடைத்தால், அதாவது 200 மீனுக்கு ஒரு குறி என்றால், கடலில் சுமார் 2 லட்சம் மீன் உண்டு என்று வரும். அந்த நூறில் ஐம்பதை யாரும் கொடுக்காமல் விட்டால் அதே கணக்கு 4 லட்சம் என்று சொல்லும். இல்லாத மீனை நம்பிப் பிடிப்பின் அளவை முடிவு செய்வோம்.

2005 முதல் 2007 வரை மேற்கு இந்தியப் பெருங்கடலில் 1,68,000க்கும் மேற்பட்ட சூரைகளுக்குக் குறியிட்டார்கள். திரும்பியவற்றில் பெரும்பகுதி சுருக்குவலைக் கப்பல்கள் பிடித்தவை. செவுள்வலைப் படகுகளிலிருந்து வந்தவை சொற்பம். சீஷெல்ஸில் இறக்கும் கப்பல்களில், செத்த மீன்களிலேயே சத்தமில்லாமல் குறி குத்தி, எத்தனை திரும்புகின்றன என்று சோதித்துக் கணக்கைத் திருத்தினார்கள். அந்தச் சோதனை இங்கும் நடக்க வேண்டும்.

படகுக்காரர்களுக்கு: குறி என்பது எண் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் இழை. இரண்டாம் முதுகுத் துடுப்பின் அடியில், துடுப்பைத் தாங்கும் முட்களுக்கிடையே அதன் கொக்கி மாட்டியிருக்கும். பாசி படிந்தால் அறுந்த வலை நூல் போலத் தெரியும். கத்தியால் சுரண்டாமல் துணியால் துடையுங்கள், எண் அழியாமல் இருக்கும்.

பல நாள் கடலில் தங்கிப் பிடிக்கும் தங்கல் படகில் மீன் பிடித்த நாளும் கரை சேர்ந்த நாளும் வேறு. ஐஸ் அறையில் கலந்துவிட்டால் எது எங்கே பிடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் குறி கண்ணில் பட்டவுடன் டிரைவர் ஜி.பி.எஸ். புள்ளியையும் தேதியையும் எழுதி, அந்த மீனின் வாலில் நிறக் கயிறு கட்டிவிடட்டும்.

தலையை வெட்டும் முன் நீளம் எடுக்க வேண்டும்: மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை, நேர்க்கோட்டில். உடம்பின் வளைவோடு டேப் பிடித்தால் நீளம் கூடும். மீன் வேகமாக வளர்ந்ததாகத் தப்புக் கணக்கு வரும். வயிற்றிலிருந்து மெல்லிய தண்டு நீட்டிக்கொண்டிருந்தால், உள்ளே ஆழத்தையும் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் பதிந்த கருவி இருக்கிறது. குடல் கழிவோடு அதை எறிந்துவிடாதீர்கள்.

துறைக்கு: ஒவ்வொரு ஏலக்கூடத்திலும் ஓர் அளவுப்பலகை, சுவரில் ஒரு தொலைபேசி எண், குறி கொடுத்தவுடன் கையில் ரொக்கப் பரிசு. மாதக்கணக்கில் இழுத்தடித்தால் அடுத்த குறி வராது. கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரப் படகுகள் கொச்சியிலும் இறக்குகின்றன; கேரளத் துறையோடு பேசி அங்கும் இந்த ஏற்பாட்டைச் செய்யுங்கள். அந்த மீன் எங்கே, எப்போது விடப்பட்டது, எவ்வளவு வளர்ந்தது என்ற சீட்டை, குறி கொடுத்த மீனவருக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மீன்வளக் கணக்கீட்டுப் பணியில் உள்ளோர்