பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு: போல் ஜொயின்ட் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர் வேண்டும்

அதிகாரசபையின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலம் முழுக்க நாடு ஏற்கெனவே இருந்த வாகனங்களில்தான் ஓடியது. இறக்குமதி திறந்த பிறகும், வரியெல்லாம் சேர்ந்து வரும் விலைக்குப் புதிய வாகனம் எடுக்கக்கூடியவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்ற எல்லோரும் கொரோலா 121ஐயும் பழைய சன்னியையும் அல்ட்டோவையும் திருத்தித் திருத்தி ஓட்டுகிறோம். அந்தத் திருத்தத்தில் அடிக்கடி மாற்ற வேண்டி வருவது சில்லை வாகனத்தோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்கள்: போல் ஜொயின்ட், லோவர் ஆம் புஷ், லிங்க் ரொட், ஷொக் அப்சோபர். ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டிலிருந்து வருபவை. வாகனக் கம்பனியின் சொந்தப் பெட்டியில் வருவதை வாங்க எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் வேறு கம்பனிகள் செய்தவற்றை வாங்குகிறோம். அதில் தவறு எதுவும் இல்லை. அவற்றிலும் நல்ல பாகங்கள் நிறைய இருக்கின்றன.

பிரச்சினை கடை மேசையில் தொடங்குகிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கேட்டாலும் யாழ்ப்பாணத்தில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "ஜப்பான் இருக்கு, தாய்வான் இருக்கு, சைனா இருக்கு, எது வேணும்?" மூன்று விலை சொல்வார்கள். எது ஏன் அந்த விலை என்று தெரிந்துகொள்ளப் பெட்டியின் அச்சைத் தவிர வேறெதுவும் நம் கையில் இல்லை. 555, கேவைபி போன்ற பெயர் பெற்ற ஜப்பானிய மார்க்குகளின் பெட்டியை அப்படியே பார்த்து அச்சடிப்பது இன்று பெரிய வேலை இல்லை. நாட்டின் பெயரை வைத்தும் தரத்தைச் சொல்லிவிட முடியாது. கேவைபிக்குத் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே செய்த அசல் பாகத்தை "இது ஜப்பான் இல்லை" என்று தள்ளிவிட்டு, "ஜப்பான்" என்று அச்சடித்த போலியை வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பொருந்துமா என்பது இன்னொரு சிக்கல். இந்தியாவில் தயாரான வகன்ஆரும் ஜப்பானில் தயாரான வகன்ஆரும் பெயரில் ஒன்று, அடிப்பாகத்தில் வேறு. வாகனத்தின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் செஸி இலக்கத்தையும் பாக இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பெயரை மட்டும் சொல்லி விற்றால், ஏறக்குறையப் பொருந்துகிற ஒன்றைக் கராஜில் தட்டிப் பூட்டிவிடுவார்கள்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. முன் சில்லைத் தாங்கும் நக்கிள் என்ற பாகத்தை, அடியில் இருக்கும் லோவர் ஆம் என்ற கையுடன் இணைப்பதுதான் போல் ஜொயின்ட். அதன் உள்ளே இருப்பது ஒரு சிறிய உருக்குக் குண்டு. அது கிண்ணத்துக்குள் கிரீசில் மிதந்து சுழல்கிறது. கிண்ணத்தின் வாயை மூடியிருப்பது மெல்லிய றப்பர் உறை. மலிவான றப்பர் வெயிலிலும் சேற்றிலும் சீக்கிரம் வெடிக்கும். வெடிப்பு வழியாக மணலும் தண்ணீரும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும், குண்டு தேய ஆரம்பிக்கும். முதலில் பள்ளத்தில் இறங்கும்போது "டக்" என்றொரு சத்தம். அப்புறம் ஸ்டியரிங் லேசாக அலையும். கவனிக்காமல் விட்டால் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்று, சில்லின் அடிப்பக்கம் வெளியே விரிந்துவிடும். ஏ9 வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றரில் போகும்போது இது நடந்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் நினைத்தபடி கேட்காது.

எங்கள் காருக்கு வாங்கிப் பூட்டிய போல் ஜொயின்ட் நான்காம் மாதத்திலேயே ஆடத் தொடங்கியது. நல்லவேளை, சில்லைத் தூக்கி ஆட்டிப் பார்த்த மெக்கானிக் தம்பி கண்டுபிடித்தார். கடைக்குக் கொண்டுபோனேன். இறக்குமதி செய்தது யார் என்று கேட்டதற்கு, "அது கொழும்பிலிருந்து வருது" என்பதோடு பேச்சு முடிந்தது. பற்றுச்சீட்டில் "ஜொயின்ட் – 1" என்றுதான் எழுதியிருந்தது, மார்க்கும் இல்லை, பாக இலக்கமும் இல்லை.

உங்கள் அதிகாரசபையை அமைத்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் உங்களிடம் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். தேங்காய் எண்ணெய்க்கும் பருப்புக்கும் அந்தக் காலம் போதும். வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய போல் ஜொயின்ட் ஆறாம் மாதத்தில் தேய்ந்துவிட்டால் அந்தக் கதவு மூடியிருக்கிறது. சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்பது தெரியும். ஆனால் மாற்றச் சொல்லி அமைச்சுக்குப் பரிந்துரைக்க உங்களால் முடியும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியதும் உங்கள் கையில் இருக்கிறது. அதே சட்டத்தின் 10ஆவது பிரிவு, பொருட்களில் என்ன விபரம் அச்சிட வேண்டும் என்று வர்த்தகர்களுக்குப் பணிப்புரை வழங்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. பால்மாப் பைக்கற்றில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்கின்றன. உயிரைத் தாங்கும் பாகத்தின் பெட்டியிலும் அவை இருக்கட்டும். கூடவே பாக இலக்கம், செய்த நாடு, புதியதா பாவித்ததா என்ற தகவல். கடைசியாகச் சொன்னது முக்கியம், ஏனென்றால் ஜப்பானில் கழற்றிய பழைய ஷொக் அப்சோபருக்குப் பெயின்ட் அடித்து "ரீகண்டிஷன்" என்று விற்கிறார்கள். உள்ளே இருக்கும் எண்ணெயும் சீலும் பழையவைதான். தெரிந்து வாங்குகிறவர் வாங்கட்டும், தெரியாமல் யாரும் வாங்கக் கூடாது. இதே விபரங்கள் பற்றுச்சீட்டிலும் வர வேண்டும்.

இறக்குமதியாளர்களுக்கு இது புதிய சுமை ஆகாது. ஷொக் அப்சோபர் உள்ளிட்ட சஸ்பென்ஷன் பாகங்கள் சுங்கத்தில் 8708.80 என்ற தலைப்பின் கீழ்ப் பதிவாகின்றன. யார் கொண்டுவந்தார், எங்கிருந்து, எவ்வளவு என்பதெல்லாம் அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. துறைமுகத்தில் இருக்கும் தகவல் கடை மேசைக்கு வருவதற்குள் காணாமல் போகிறது. சரியான பொருளை எடுத்துவந்து, உத்தரவாதமும் எழுதிக்கொடுக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். பக்கத்துக் கடையின் போலியோடு விலையில் போட்டி போட முடியாமல் திணறுவது அவர்கள்தான். அவர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க எங்கள் கார்களுக்கு ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனை செய்கிறோம், நல்லது. அதே காரின் போல் ஜொயின்டை யாரும் ஆட்டிப் பார்ப்பதில்லை. அது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் தனியாகக் கேட்க வேண்டியது. பரிசோதனை இல்லாத வரைக்கும் வாங்கும் இடத்தில் கிடைக்கும் தகவல் மட்டுமே எங்களுக்குப் பாதுகாப்பு.

எல்லாப் பாகங்களுக்கும் ஒரே நாளில் முடியாது என்றால், கழன்றால் வாகனம் கட்டுப்பாட்டை இழக்கும் மூன்றில் தொடங்குங்கள்: போல் ஜொயின்ட், ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் ராக் எண்ட், டை ரொட் எண்ட். புஷ்ஷும் ஷொக் அப்சோபரும் அடுத்த கட்டத்தில் வரட்டும். கடைகளில் ஏற்கெனவே இருக்கும் சரக்கை விற்று முடிக்க நியாயமான தவணை கொடுங்கள். பணிப்புரையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் வெளியிட்டு, ஒரு பிரதியைக் கடை மேசையில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாகன உரிமையாளர் ஒருவர்
யாழ்ப்பாணம்