கொதிக்காத கப்பின் சொந்தக்காரருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். அன்று காலை முகாமில் எனக்கு அடுத்த கூடாரம் உங்களுடையது. பாறை மறைவு என்று நம்பி நீங்கள் அந்தச் சின்ன ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைத்த இடத்தில்தான் காற்று சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. கப்பில் அரை லிட்டர் தண்ணீர். கால் மணி நேரம் ஆகியும் அடியில் நாலு குமிழி கிளம்பியதோடு சரி. ஸ்பிரிட் தீர்ந்து தீ அணைந்தது. "பொம்மை அடுப்பு சார் இது. திரும்பிப் போனதும் தூக்கிப் போட்டுட்டுப் பெரிசா ஒண்ணு வாங்கணும்" என்றீர்கள். நான் வாய் திறப்பதற்குள் உங்கள் கூட்டாளிகள் கூப்பிட்டார்கள், பையை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். அன்று சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். உங்கள் கண்ணில் பட்டால் சரி.

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த அடுப்பில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒன்று இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அது சூடு போதாத அடுப்பு அல்ல. வந்த சூடு கப்புக்குள் போகாமல் ஊரைச் சுற்றப் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அரை லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற ஏறத்தாழ 167 கிலோஜூல் வேண்டும். எத்தனால் ஸ்பிரிட் ஒரு மில்லி எரிந்தால் ஏறத்தாழ 21 கிலோஜூல் கிடைக்கிறது. ஒரு துளி சூடும் வீணாகாமல் இருந்தால் 8 மில்லியே போதும். அது நடக்காத காரியம். நடைமுறையில் 15 மில்லியில் கொதித்தால் நல்ல அடுப்பு என்பேன். பாதிச் சூடு தண்ணீருக்கு, பாதி வானத்துக்கு. அன்று நீங்கள் ஊற்றியது 30 மில்லிக்குக் குறையாது என்று நினைக்கிறேன். அப்படியும் கொதிக்கவில்லை என்றால் நாலில் ஒரு பங்குகூடத் தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. இதே கசிவோடு பெரிய அடுப்பு வாங்கினால், வேகமாகக் கசியும்.

முதலில் காற்று. திறந்தவெளியில் இந்தச் சின்ன அடுப்புகளுக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. காற்று தீயை அணைத்தால்தான் நஷ்டம் என்று நினைக்கிறோம். அணைக்காமலே அது தீயைச் சாய்த்து, கப்பின் அடியை உரச வேண்டிய சூடான புகையை ஒரு பக்கமாக அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. பத்தாததற்குக் கப்பின் பக்கச் சுவரையும் விசிறி ஆற்றுகிறது. கப் அகலம் குறைந்த பாத்திரம். ஒன்பது, பத்து சென்டிமீட்டர் அடிதான். தீ கொஞ்சம் சாய்ந்தாலே அடியைத் தவறவிடும்.

மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றை வளைத்துக் கப்பைச் சுற்றி நிறுத்துங்கள். கப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி போதும். உயரம் கப்பின் முக்கால் பாகம் வரை வரட்டும். இப்போது அந்தச் சந்து ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். அடியைத் தொட்டுவிட்டு ஓடப்பார்க்கிற சூடு, வேறு வழியில்லாமல் கப்பின் சுவரை உரசிக்கொண்டே மேலேறும். தகட்டின் கீழ் ஓரத்தில் காற்று நுழைய வரிசையாகத் துளைகள் வேண்டும், அதையும் காற்று அடிக்காத பக்கமாகத் திருப்பி வையுங்கள். கைப்பிடி வெளியே நீட்டிக்கொள்ள ஒரு பிளவு வெட்டிக்கொண்டால் உள்ளங்கை பிழைக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கேஸ் கேனின் தலையில் நேராகத் திருகி வைக்கிற அடுப்புக்கு இந்தத் தகட்டை ஒருபோதும் முழுசாகச் சுற்றக்கூடாது. சூடு கீழே கேனுக்குத் திரும்பி உள்ளே அழுத்தம் ஏறினால் வெடிக்கும். அந்த வகைக்குக் காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்து, நடுநடுவே கேனைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்கமுடியாத சூடு என்றால் உடனே தடுப்பை எடுத்துவிடுங்கள்.

அடுத்து மூடி. பையிலிருந்து எடுத்து, "இது எதுக்கு வீண் கனம்" என்று பாறைமேல் வைத்தீர்களே, அதுதான். தண்ணீர் கொதிப்பதற்கு ரொம்ப முன்பிருந்தே ஆவியாகத் தொடங்கிவிடுகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகிப் போக எடுத்துக்கொள்கிற சூட்டில், கிட்டத்தட்ட ஏழு கிராம் தண்ணீரை 20-லிருந்து 100 வரை ஏற்றிவிடலாம். மூடாத கப்பிலிருந்து பத்து கிராம் போனால் எவ்வளவு இழப்பு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மூடி தொலைந்தால் அலுமினியத் தாளை இரண்டாக மடித்து விளிம்பில் அழுத்தினால் போதும், ஓர் ஓரத்தில் ஆவி வெளியேறச் சின்ன ஓட்டை. கொதித்துவிட்டதா என்று நிமிஷத்துக்கொரு தரம் திறந்து பார்க்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது காதை வைத்துக் கேட்கிறேன். முதலில் 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல், அது ஏறிக்கொண்டே போய், கொதி வருகிற நேரத்தில் சட்டென்று தணிந்து தளதளப்பாக மாறும். அந்த மாற்றம் பழகிவிட்டால் மூடியைத் தொடவே வேண்டாம்.

இனி உங்கள் அடுப்பின் குறைக்கு வருகிறேன். தண்ணீர்க் குப்பியின் அடியில் கப், கப்பின் அடியில் அடுப்புத் தாங்கி என்று ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்கிற அமைப்பு உங்களுடையது. பைக்குள் வைக்க அதைவிட வசதியானது இல்லை. ஆனால் செய்தவர்கள் பைக்குள் அடங்குவதை நினைத்த அளவுக்குத் தீ மூச்சுவிடுவதை நினைக்கவில்லை. கப்பை உட்காரவைத்ததும் அது தாங்கியின் வாயை இறுக்கி அடைத்துக்கொள்கிறது. எரிந்த புகை போக மேலே வழியில்லை, அதனால் புதுக் காற்று உள்ளே வரவும் இடமில்லை. அன்று தீ முன்பக்கத் திறப்பு வழியாக வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தீர்களா? தீ மேலே போகமுடியாமல் வாசல் வழியாக ஓடிவந்தது. உங்கள் கப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அது சூடாக்கியது.

இதற்கு மருந்து உங்கள் பையிலேயே இருக்கிறது. கூடார முளை இரண்டு எடுத்து, தாங்கியின் மேல் விளிம்பில் குறுக்கே வைத்து அதன்மேல் கப்பை உட்காரவையுங்கள். அரை அங்குலம் தூக்கினாலே வித்தியாசம் தெரியும், மஞ்சளாகத் தள்ளாடிய தீ நிமிர்ந்து நீலமாகும். நிரந்தரமாக வேண்டுமென்றால் தாங்கியின் மேல் ஓரத்தில் புகை போகவும் கீழ் ஓரத்தில் காற்று வரவும் துளை போடலாம். நான் அதைத்தான் செய்தேன், செய்து கெடுத்தேன். ஓர் ஞாயிற்றுக்கிழமை டிரில்லைக் கையில் எடுத்தவன் நிறுத்தத் தெரியாமல் தாங்கியைச் சல்லடையாக்கிவிட்டேன். அடுத்த பயணத்தில் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் வந்தது. நாலு துளை போட்டு எரித்துப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் இரண்டு. போட்ட துளையை அடைக்கமுடியாது.

ஸ்பிரிட் பர்னரின் வாய்க்கும் கப்பின் அடிக்கும் உள்ள தூரமும் இதோடு சேர்ந்ததுதான். ரொம்ப ஒட்டி இருந்தால் குளிர்ந்த உலோகம் பாதி எரிந்த தீயை அப்படியே அவித்துவிடுகிறது. எரிபொருள் முழுக்க எரிவதில்லை. கண்ணைக் கரிக்கிற நெடி வரும், கார்பன் மோனாக்சைடும் கூடும். ரொம்ப விலகினால் தீயின் நுனி கப்பைத் தொடுவதற்குள் சூடு ஆறிப்போகும். மூன்று சென்டிமீட்டரில் தொடங்கி அரை அரையாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். பர்னருக்குப் பர்னர் இது மாறும், இதுதான் அளவு என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

அன்று கப்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்ததைப் பார்த்து, கப் ஒழுகுகிறதோ என்று விரலால் தடவிப் பார்த்தீர்கள். ஒழுகவில்லை. எரிகிற ஸ்பிரிட்டிலிருந்து பிறந்த தண்ணீர் அது. 15 மில்லி எத்தனால் எரிந்தால் ஏறத்தாழ 14 கிராம் தண்ணீர் ஆவியாக வெளிவரும். கப்புக்குள் குளிர்ந்த நீர் இருக்கிறவரை அந்த ஆவி சுவரில் படிந்து துளியாகும். கப் சூடானதும் தானாகக் காய்ந்துவிடும். கால் மணி கழித்தும் உங்கள் கப் வேர்த்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துத்தான் இது கொதிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

கப்பை மாற்றவேண்டுமா என்றால், வேண்டாம். டைட்டானியம் வாங்கினால் சீக்கிரம் கொதிக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. டைட்டானியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வெப்பம் கடத்துவதில் ஏறக்குறைய ஒரே தரம், அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனாலும் வெறும் தண்ணீர் கொதிக்கவைக்க அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் கப்பின் சுவர் அவ்வளவு மெல்லியது. கெட்டியான எதையாவது கிளறிச் சமைத்தால்தான் அடிபிடிப்பதில் வேற்றுமை தெரியும். டைட்டானியத்தில் மிச்சமாவது முதுகுச்சுமை. அலுமினியக் கப்பில் வாய் வைத்துக் குடித்தால் உதடு சுடும், அது வேறு கதை. அடியில் படிந்த கரியைத் தேய்த்துத் தேய்த்து மினுக்கவும் வேண்டாம். பையில் மற்ற துணியில் ஒட்டாமல் ஓர் உறை போட்டால் போதும்.

தீயைச் சின்னதாக வைப்பதும் ஒரு மிச்சம். கேஸ் அடுப்பை முழுக்கத் திறந்துவிட்டால் தீ கப்பின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறி நிற்கும், பார்க்க வீரமாக இருக்கும், கேன் சீக்கிரம் காலியாகும். தீ அடிக்குள்ளேயே அடங்குகிற அளவுக்குக் குறையுங்கள். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் கூடுதலாகும். அந்த அவசரம் மலையில் யாருக்கு?

குளிரில் கேஸ் சுணங்குவதற்குக் காரணம் வேறு. சாதாரண பியூட்டேன் உறைநிலையை ஒட்டியே, மைனஸ் 0.5 டிகிரியில்தான் கொதித்து ஆவியாகிறது. அதற்குக் கீழே குளிர் போனால் கேனில் திரவம் இருக்கும், தீ வராது. ஐசோபியூட்டேன் மைனஸ் 11.7 வரையும் புரொப்பேன் மைனஸ் 42 வரையும் தாங்கும், அதனால்தான் கலவையாக விற்கிறார்கள். இரவில் கேனைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். ஸ்பிரிட் குப்பியையும் பற்றவைப்பதற்கு முன் கொஞ்ச நேரம் சட்டைப்பையில் வையுங்கள், பர்னர் சீக்கிரம் பிடிக்கும். ஈர மண்ணில் பர்னரை நேராக வைக்காமல் அடியில் ஒரு தட்டையான கல்லோ தகடோ போடுங்கள்.

எல்லாவற்றையும்விடச் சுலபமான மிச்சம் அடுப்பிலேயே இல்லை. 10 டிகிரி ஓடைத் தண்ணீரை நேராகக் கப்பில் ஊற்றாமல், வெயிலில் ஒரு மணி நேரம் குப்பியைக் கிடத்தி 30 டிகிரி ஆனபின் ஊற்றினால், தேவைப்படும் சூட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சூரியன் கணக்கில் போய்விடும். ஏற்கெனவே சுத்தம் செய்த தண்ணீர், சும்மா குடிக்கத்தான் என்றால் 100 வரை ஏற்றுவதும் அவசியமில்லை, 80 போதும். தண்ணீர் சுத்தமா என்று தெரியாவிட்டால் மட்டும் இந்தக் கஞ்சத்தனம் கூடாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவேண்டும், 2000 மீட்டர் உயரத்துக்கு மேல் மூன்று நிமிடம். உயரம் போகப்போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. சீக்கிரம் கொதித்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டால் உணவு வேக நேரமாகும். அதற்குப் படுக்கும் பாயில் வெட்டி எறிந்த நுரைத் துண்டில் கப்புக்கு ஒரு சட்டை தைத்துக்கொள்ளுங்கள். கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, உலர் உணவைப் போட்டு மூடி, சட்டைக்குள் பத்து நிமிடம் வைத்துவிட்டால் மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

என் வலது கையில் விரல்மேல் முடி இல்லாததைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஒருமுறை மேலே ஊற்றினேன், குப்பியின் வாய்வரை பிடித்து வந்தது. குப்பியைப் புல்லில் வீசினேன், பிறகு புல்லை மிதித்து அணைத்தேன். இப்போது தீர்ந்ததும் மூடியைப் போட்டு, பர்னர் கைக்கு ஆறினபின்தான் மறுபடி ஊற்றுகிறேன். கூடாரத்துக்குள்ளும் கொளுத்துவதில்லை, மழை கொட்டினாலும்.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்யாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். வீட்டு மொட்டைமாடியில் ஒரே அளவு தண்ணீர், ஒரே தொடக்கச் சூடு, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்த 15 மில்லி ஸ்பிரிட். ஒரு தடவை சும்மா, ஒரு தடவை மூடியோடு, ஒரு தடவை முளைமேல் தூக்கிவைத்து, ஒரு தடவை தகட்டோடு. எத்தனை நிமிஷம் என்று ஒரு தாளில் குறியுங்கள்.

மூடியோடு என்று எழுதிவிட்டேன். உங்கள் கப்பின் மூடி என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் கிளம்பின பிறகு அந்தப் பாறைமேல் கிடந்தது. என் கப்பில் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. கைப்பிடி ஓரத்தில் லேசாக நசுங்கியிருந்ததைத் தட்டிச் சரி செய்து வைத்திருக்கிறேன். எங்கே அனுப்புவது என்று ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அடுத்த கூடாரத்துக்காரன்