டாக்டர் சீட்டில் 8–13, கருவியில் 4–20: சிபாப் அமைப்பை மாற்றித் தராதது குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம், சென்னை.

ஐயா,

வணக்கம். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியாவுக்காக உங்களிடம் 58,000 ரூபாய்க்கு வாங்கிய ஆட்டோ சிபாப் கருவி (மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தருவது, அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைப்பது) பற்றி இதற்கு முன் மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்றுக்கும் டிக்கெட் எண்தான் பதிலாக வந்தது. பெங்களூரு அலுவலகத்தில் யாரும் பொறுப்பெடுக்காததால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது இது: குறைந்தபட்ச அழுத்தம் 8 (செ.மீ. நீர் அளவில்), அதிகபட்சம் 13, ராம்ப், அதாவது தொடக்கத்தில் அழுத்தம் மெல்ல ஏறும் நேரம், 6-ல் தொடங்கி 15 நிமிடம், மூச்சு விடும்போது தளர்வு 2. மாஸ்க் முழு முக வகை. சீட்டை வாங்கிக்கொண்டு, "செட் பண்ணித்தான் சார் அனுப்புவோம்" என்றார்கள். வந்த கருவியில் 4 முதல் 20 வரை தொழிற்சாலையில் வைத்தது அப்படியே இருந்தது. ராம்ப் 45 நிமிடம். மாஸ்க் வகையில் மூக்குத் துளையில் வைக்கும் பில்லோ என்று இருந்தது. அந்த வகை தப்பானால் கசிவுக் கணக்கும் தப்பாகும். உங்கள் கருவி, உங்களுக்குத் தெரியாததா?

4-ல் தொடங்கினால் பெரியவர்கள் பலருக்கும் காற்று போதாமல் மூச்சு முட்டும். தூங்கிய பிறகும் கருவி 4-லிருந்து மெல்ல மெல்லத்தான் ஏறும். தேவையான அழுத்தத்தைத் தொடுவதற்குள் தொண்டை பல முறை அடைத்துவிடும். மேலே 20 வரை திறந்துவிட்டதால் விடியற்காலையில் 16, 17-க்குப் போகிறது. மாஸ்க் ஓரம் தூக்கிக் காற்று கண்ணில் அடிக்கிறது, வாய் வறள்கிறது, விழுங்கிய காற்றில் காலையில் வயிறு உப்பிக் கிடக்கிறது. ஆய்வகத்தில் இரவு முழுக்க அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தபோது 11-லேயே அடைப்பு நின்றது. கருவியின் எஸ்.டி. கார்டு அறிக்கையில் ஏஹெச்ஐ (மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) 17.4, அது 5-க்குக் கீழே இருக்க வேண்டும். கசிவு நிமிடத்துக்கு 36 லிட்டர். 24-ஐத் தாண்டினாலே அதிகம்.

பீன்யா சர்வீஸ் சென்டரில் நடந்ததை மறக்கவே முடியாது. "மெஷினை மட்டும் கொண்டு வாங்க" என்று போனில் சொன்னதால், தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் மெஜஸ்டிக்கில் மாறி, பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர் சீட்டைக் கையில்கூட வாங்கவில்லை. கருவியை ஓடவிட்டு, குழாய் முனையில் உள்ளங்கையை வைத்தார். "காத்து நல்லா வருதே, அப்புறம் என்ன? பழகிக்கங்க" என்றார். ஐயா, உள்ளங்கைக்கு 4-க்கும் 11-க்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? அழுத்தத்தை அளக்கும் மனோமீட்டர் இருக்கிறதா என்று கேட்டதற்கு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். ஒரு நாள் விடுப்பு போனதுதான் மிச்சம்.

மருத்துவ மெனுவில் மாற்ற ஐந்து நிமிடம் போதும். அதற்கு இரண்டு மாதம்! தூக்கம், வேலை, உடம்பு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன நஷ்டம் 5 லட்சத்துக்குக் குறையாது.

இன்னொன்று. போனில் பேசிய ஒரு பெண், "வேணும்னா 15 ஃபிக்ஸ்டா வச்சிடறோம்" என்றார். இது எவ்வளவு ஆபத்தான பேச்சு! தேவைக்கு மேல் அழுத்தம் வைத்தால் சிலருக்கு மூளையே மூச்சு விடச் சொல்லாத சென்ட்ரல் அப்னியா தலைகாட்டும். டாக்டரைக் கேட்டு, ஒவ்வொன்றாகக் கூட்டி, சில இரவுகள் அறிக்கை பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

தயவுசெய்து ஏழு நாளுக்குள் தெரிந்த டெக்னீஷியனை வீட்டுக்கு அனுப்புங்கள். சீட்டில் உள்ளபடி மாற்றி, மனோமீட்டரில் அழுத்தத்தைச் சரிபார்த்து, எழுத்தில் கொடுக்கட்டும். இரண்டு வாரம் கழித்து அறிக்கையை டாக்டருக்கு அனுப்பட்டும். இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். பில், சீட்டு, அறிக்கை எல்லாம் கையில் இருக்கின்றன. அந்த நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒயிட்ஃபீல்ட் வாடிக்கையாளர், பெங்களூரு

பி.கு.: பீன்யா கவுன்டரில் இருந்த அந்த நபரை மட்டும் என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.